ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு

கட்சி ஆபீசுக்கு இரவல் கொடுத்த ஜமக்காளத்தை வாங்க இன்று ராயபுரம் போனேன். நாளை தங்கைக்கு நிச்சயம்.

நில உச்சவரம்பே கூடாதென்று முழங்கிய கட்சி இப்போது இரண்டு. ஆபீஸ் கதவில் பூட்டும் இரண்டு.

ஒரு கோஷ்டியின் தலைவரான பண்ணையக்காரரைக் கேட்டேன்.

"மொதல்ல அவரு தெறக்கட்டுங்க."

மறு கோஷ்டித் தலைவரான பனியன் கம்பெனி முதலாளியிடம் ஓடினேன்.

"நானு தெறந்தா அவரு உள்ள பூந்துக்குவாருங்க."

"அப்ப கட்சியோட கதி என்னங்க?"

"அடுத்த எலெக்சன்ல நாங்கதானுங்க ஆட்சி!"

ஒரு கதவைத் திறக்க வக்கில்லை, நாட்டைக் கொடுக்க வேண்டுமாம்.

உங்கள் வீட்டில் ஜமக்காளம் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்சிக்காரர் வீடென்றால் வேண்டாம். அதையும் இரண்டாகக் கிழித்துத்தான் தருவார்.