கீழே நின்ற வண்டி

என் கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, எங்கள் மோட்டார் சைக்கிள் திண்டுக்கல்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். போக வர ஷேர் ஆட்டோ. அவர் விடுமுறையில் வரும்போதுதான் வண்டி வெளியே போகும். மற்ற நாட்களில் அதைக் காப்பது என் பொறுப்பு.

சைடு லாக் போட்டு, பின்சக்கரத்துக்குள் செயினை விட்டுப் பின்பக்கத் தூணோடு சேர்த்துப் பூட்டி, மேலே கவர் போட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கவரை எடுத்து, ஸ்டார்ட் செய்து, செத்த நேரம் ஓடவிட்டு அணைப்பேன். போனில் அவர் முதலில் மகளைப் பற்றிக் கேட்பார், அடுத்து வண்டியைப் பற்றி. "பேட்டரி இறங்கிராமப் பாத்துக்க" என்பார். என்னைப் பற்றிய விசாரிப்பு பெரும்பாலும் போனை வைக்கப்போகும் நேரத்தில் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு மனிதர்களைப் பற்றிப் பேசுவதைவிடப் பொருட்களைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தரகர். பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்திருந்தார்கள். விடியும்போதே பைக்கில் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். மத்தியானம் திரும்பி, சாப்பிட்டுத் தூங்குவார். அவர் மனைவி பழனிப் பக்கத்துக் கீரனூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு நாள் தரகர் தூங்கி எழுந்து கீழே வந்தபோது பைக்கைக் காணவில்லை.

கட்டடத்துக்கு வாட்ச்மேன் கிடையாது. கேமரா ஒன்று இருந்தது. அதில் பதிவானதை எல்லோரும் ஒருவர் போனில் கூடி நின்று பார்த்தோம். ஹெல்மெட் போட்ட ஒருவன் அவசரமே இல்லாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் எழுந்துபோய் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறார். கையை நீட்டி ஏதோ சொல்கிறார்.

"என்ன சார் சொன்னீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னான். மாடி வீட்டுக்கு விருந்தாளியா வந்தவன்னு நெனச்சேன். தெரு முக்குல மெக்கானிக் கடை இருக்குன்னு வழி சொன்னேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர் அந்தப் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பல நாட்கள் அவரை வெளியே பார்க்க முடியவில்லை.

தரகர் போலீசில் புகார் கொடுத்தார். மற்றவர்கள் பூட்டு வாங்கினார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு எல்லோரும் ஆன்லைனில்தான் வாங்கினோம். தொட்டால் அலறுகிற பூட்டு ஒன்று முதல் மாடிக்கு வந்தது. பூனை ஏறினாலும் அலறியது. நான் இன்னொரு செயின் வாங்கி முன்சக்கரத்துக்கும் போட்டேன்.

அதை நான் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இந்த வண்டிய இன்னைக்கு ஒருத்தன் எடுத்துட்டுப் போனா உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

யோசித்தேன். படியிறங்கிப் போகும்போது அந்தத் தூண் கண்ணில் படாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

"எங்க வண்டி போன செத்த நேரத்துலயே தெரிஞ்சு போச்சு. அப்படியும் புடிக்க முடியலீங்க. கவரும் தூசியுமா நிக்கிற வண்டியப் பாத்தா, இதைத் தேட ஆளில்லீன்னு அவனுக்குப் புரிஞ்சுராதுங்களா?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஓட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தன் அப்பாவின் பைக்கில் பூ மூட்டை ஏற்றிப் பழனி வரை போயிருக்கிறாளாம். லைசென்ஸும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டவில்லை. யாரும் தடுக்கவில்லை என்றும், யாரும் சாவியைக் கொடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

நான் எல்எல்ஆர் எடுத்தேன். பைபாஸ் சாலைக்கு அப்பால் பிளாட் போட்டு, விற்காமல் கிடந்த இடத்தில் பழகினோம். அங்கே கல் நட்ட மனைகளும் தார் போட்ட தெருக்களும்தான், வீடுகள் கிடையாது. அவள் பின்னால் உட்கார்ந்து, "கிளட்ச்ச மெதுவா விடுங்க, மெதுவா" என்பாள். வண்டி குதித்து அணையும். ஒரு திருப்பத்தில் இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, டேங்க்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு முதலில் வண்டியைத்தான் நிமிர்த்தினாள்.

கணவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

லைசென்ஸ் வந்த பிறகு வேலைக்கு அதிலேயே போனேன். கடை வாசலில் என் கண் முன்னால் நிற்கும். கவரை மடித்துப் பரணில் போட்டேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் அவள் போனோடு என் வீட்டுக்கு வந்தாள். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு தூர்ந்த கிணற்றில் ஒரு பைக் கிடந்ததாம். ஆடு மேய்க்கிறவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அடையாளம் காட்ட வரச்சொல்லி அங்குள்ள ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். அவள் கணவர் மார்க்கெட்டில் இருந்தார். கேரளா லாரி ஏற்றும் நேரம், சாயங்காலம்தான் வர முடியும் என்றாராம்.

"நாம போலாமுங்களா?" என்றாள். கடைக்கு லீவு சொன்னேன்.

எரியோடு ஊரைத் தாண்டியதும் சாலை வெறிச்சோடிவிட்டது. இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு, சோளம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அவ்வளவு தூரம் நான் ஓட்டியதில்லை. அவள் பின்னால் ஆர்சி நகலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வரிசையாகப் பழைய வண்டிகள். கடைசியில் அது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சீட் இல்லை, டேங்க் இல்லை, முன்சக்கரம் இல்லை. சேறு காய்ந்து வெளுத்திருந்தது. எனக்கு அது எந்த வண்டியாகவும் இருக்கலாம் போலத்தான் தெரிந்தது. அவள் குனிந்து, பின்பக்கம் இருந்த ஒரு இரும்புக் கொக்கியைத் தொட்டாள். காய்கறிப் பை மாட்டுவதற்காக அவள் கணவர் பற்றவைத்தது.

"எங்களுதுதாங்க" என்றாள்.

ஏட்டு சேற்றைத் துடைத்து, சேஸ் எண்ணை நகலோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. "கோர்ட்ல மனுப் போட்டு எடுத்துக்கிறணும்மா. கொஞ்சம் அலையணும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீயைக் குடிக்காமல் வைத்திருந்தவள் சட்டென்று அழுதாள்.

"காணாமப் போனப்பக் கூட எனக்கு ஒண்ணும் தோணலீங்கக்கா. யாரோ ஒருத்தன் ஓட்டிட்டுத் திரியறான்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்படிப் போட்டு உரிச்சிருக்கானே."

டீ ஆறுது என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடித்தாள். திரும்பும்போது சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். என்னைவிட வேகமாக, என்னைவிட நன்றாக ஓட்டினாள். தரகர் கடைசிவரை மனுப் போடவில்லை. பழைய வண்டி ஒன்றை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்.

தை பிறந்து கணவர் விடுமுறையில் வந்தார். பெட்டியை மேலே கொண்டுபோகும் முன்பே வண்டியிடம் போனார். கீறலை விரலால் தடவினார். குனிந்து ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தார்.

"யாரு ஓட்டுனா?"

"நாந்தான்."

"லைசென்ஸு?"

"இருக்கு."

"ஏன் சொல்லல?"

"வேணாம்பீங்க."

அவர் மறுக்கவில்லை. அடுத்த நாள் பெயிண்டர் கடைக்குக் கொண்டுபோய்க் கீறலை அடைத்துக்கொண்டு வந்தார். விடுமுறை முழுக்க வண்டி அவரிடம்தான் இருந்தது. நான் பழையபடி ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போனேன். கோபமில்லை, ஆனால் ஆட்டோவில் நெருக்கி உட்கார்வது முன்பு இருந்ததைவிடச் சிரமமாக இருந்தது.

அவர் கிளம்பிய நாள், திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. பெரிய பெட்டியை முந்தின நாளே நண்பர் காரில் அனுப்பியிருந்தார், கையில் ஒரு பைதான். நான் வண்டியை எடுத்தேன். ஒரு கணம் நின்றுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மேம்பாலத்தில் என் தோளை இறுகப் பிடித்தார்.

"பிரேக்க இன்னுஞ் செத்த முன்னாடியே புடி" என்றார்.

"சரி" என்றேன்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர், நல்லா ஓட்டுறே என்றோ ஓட்டாதே என்றோ சொல்லவில்லை. செயினுக்கு ஆயில் விடச் சொன்னார். பஸ் கிளம்பியது. எனக்குக் கடை திறக்கும் நேரம் ஆகியிருந்தது, அப்படியே வேலைக்குப் போனேன்.