கீரி, வெயில், கோணல் கதவு: கோழிக்கூண்டு கட்டிய கதை

கிரில் கேட் செய்து கொடுத்தால் வீட்டுக்காரர் மட்டும்தான் குறை சொல்வார்; கோழிக்கூண்டு செய்து கொடுத்தால் கோழியும் சேர்ந்து சொல்லும். காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சலீம் நான். கொல்லையில் முதல் கூண்டு கட்டி, கம்பி கிழித்த விரலைச் சப்பிக்கொண்டு, ‘நமக்கு ஏன் இந்த வேலை’ என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? நானும் உங்கள் ஜாதிதான். விட்டுவிடாதீர்கள்.

செல்வி டீச்சரின் ஐந்து கோழிகள்

நாச்சியாபுரம் செல்வி டீச்சருக்குச் செய்ததுதான் என் முதல் கூண்டு. அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு, குஞ்சிலிருந்து வளர்த்த ஐந்து கோழிகள். நாலு பக்கமும் நல்ல கம்பிவலை அடித்தேன். தரையை மட்டும் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், கீரி ஒன்று அடியில் மண்ணைப் பறித்து உள்ளே புகுந்துவிட்டது. ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தகவல் கேட்டு ஓடினேன். டீச்சர் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. ‘தப்பு என்னோடதுதான் டீச்சர், சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு வலையை மண்ணுக்குள்ள இறக்கியிருக்கணும்’ என்றேன். திட்டுவார் என்று நின்றேன். கை மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“குஞ்சு நான் வாங்கிக்கிறேன். வலையை இறக்க நாளைக்கு எத்தனை மணிக்கு வாரீக?”

உள்ளே பத்து நிமிடம்

கீரிக்குப் பயந்து, அடுத்த கூண்டைக் கோட்டை மாதிரி கட்டினேன். நேமத்தான்பட்டி விவசாயி கருப்பையா அண்ணனுக்கு. மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம். சித்திரை பிறந்ததும் கூப்பிட்டார். கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை விரித்துப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ‘புது இடம்ணே, பழகிரும்’ என்றேன். அவர் கோழிகளை வேப்பமர நிழலுக்கு விரட்டிவிட்டு, ‘உள்ள போயி பத்து நிமிசம் உக்காருங்க பாய்’ என்றார்.

நாலாவது நிமிடமே சட்டை நனைய வெளியே வந்தேன். அன்றைக்கே இரண்டு பக்கத் தகரத்தைக் கழற்றி, சின்னக் கண் வைத்த வலையை அடித்தேன். கூரைத் தகரத்தின் மேல் தென்னங்கீற்றை அடர்த்தியாக வேய்ந்தோம். சாயங்காலம் கோழிகள் தாமாகவே உள்ளே போய்க் குச்சியில் ஏறின. அண்ணன் என் தோளைத் தட்டினார்.

“இப்பப் போயி உக்காருங்க பாய், காப்பியை அங்குட்டே கொண்டாரச் சொல்றேன்.”

ஜமீலா மாட்டிய கதவு

பக்கத்துத் தெரு ஜமீலாவின் கணவர் துபாயில் இருக்கிறார். கூண்டு செய்து தரச் சொல்லி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ‘செய்ய வேணாம்ணே, சொல்லிக் குடுங்க’ என்றாள். வலை வெட்டவும் கீல் அடிக்கவும் இரண்டு நாள் காட்டிக்கொடுத்தேன். வீட்டில் அவளே கட்டினாள். கதவு முதல் தடவை கையோடு வந்தது. இரண்டாவது தடவை மூட மாட்டேன் என்றது. மாமியார், ‘பேசாம அண்ணனையே கூப்பிடு’ என்றாராம். கூப்பிடவில்லை. மறுபடி கழற்றினாள்.

ஒரு மாதம் கழித்து, முட்டை கொடுக்கக் கூப்பிட்டாள். கதவு ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. இழுத்துப் பார்த்தேன், கொண்டி இம்மியும் அசையவில்லை. நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டேன். சட்டென்று கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கோணலா இருந்தா இருக்கட்டும்ணே, கழண்டா திரும்ப மாட்ட எனக்குத் தெரியும்.”

இத்தனை கூண்டு அடித்ததில் ஒன்று நிச்சயம்: பழைய தப்பை நான் திரும்பச் செய்வதே இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக ஒன்று கைவசம் வைத்திருக்கிறேன்.