பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம்

யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கொழும்பு இரத்மலானைக்கும் இடையே இருநூறு மைல் சொச்சம், பிளேனில் ஒரு மணித்தியாலம் என்பது எழுபதுகளில் எங்கள் நெடுந்தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அம்மாதான் காரணம். கொழும்பில் உத்தியோகம் பார்த்த என் தம்பி, தன் மகனுக்கு முதன்முதலாகச் சோறு தீத்தும் நாளுக்கு அம்மாவைத் தானே வந்து பிளேனில் கூட்டிப்போவதாக எழுதியிருந்தான். அம்மா பேரனை இன்னும் பார்த்ததில்லை. கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அவரால் அதிக நேரம் நிமிர்ந்து இருக்க முடியாது. பகல் முழுவதும் ரயில் கோச்சியில் இருப்பது நடக்கிற காரியமா?

"குறிகட்டுவான் துறைக்கு வள்ளத்திலை போற நேரந்தான். அதுக்குள்ளை கொழும்பு!" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துச் சொன்னார்.

கலியாணம் கட்டாமல் அம்மாவோடு இருந்தவள் நான். பலாலி வரை கொண்டுபோய் விடுவது என் வேலை. அன்று சோளகக் காற்று வள்ளத்தைப் புரட்டி எடுத்தது. யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், வாந்திக்குப் பயந்து அம்மா தொடவில்லை.

"பிளேனுக்குள்ளை சத்தி எடுத்தால் தம்பிக்கெல்லோ வெக்கம்" என்றார்.

தம்பி முதல் நாளே வந்து பட்டணத்தில் மாமியார் வீட்டில் தங்கியிருந்தான். கடல் தாண்டி வர மனம் வரவில்லை. பலாலியில் அவனுக்குப் பக்கத்தில் மாமியார், பட்டுச்சேலையும் கைப்பையுமாக நின்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ரெண்டு டிக்கட்தான் கிடைச்சுது அக்கா. மாமிக்குக் கோச்சி ஒத்துவராது. நீ அம்மாவை நாளைக்குக் கோச்சியிலை கூட்டிக்கொண்டு வாவன்."

"அம்மாவின்ரை இடுப்புக்கு மட்டும் ஒத்துவருமோ?" என்று கத்தினேன். அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "அதுக்கென்ன தம்பி, உன்ரை மாமி போகட்டும்."

பிளேன் கண்ணுக்கு மறையும்வரை நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பட்டணத்துக்கு பஸ் பிடித்துச் சேருமுன் அவர்கள் இரத்மலானையில் இறங்கியிருப்பார்கள். அன்று தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலைக் கோச்சி ஏறினோம். மாற்றுச் சேலைகூட என்னிடம் இல்லை. அநுராதபுரம் தாண்டியதும் அம்மாவால் தாங்க முடியவில்லை. என் மடியில் தலைவைத்து, யாருக்கும் கேட்காமல் அழுதார்.

இரண்டு கிழமை கழித்து ஊர் திரும்பினோம். பிளேன் கதை கேட்க அயல் பெண்கள் வந்துவிட்டார்கள். அம்மா என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று குசினி வாசலில் நின்று பார்த்தேன்.

"ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது. ஒரு மணித்தியாலம். முதல் கொஞ்சம் பயந்துபோனன். இறங்குமட்டும் தம்பி என்ரை கையை விடேல்லை."

தம்பி செய்ததற்குக் கோபப்பட்டேன், பிறகு ஆறிவிட்டேன். இது ஆறக்கூடியதாக இல்லை. கோச்சியில் வலி பொறுக்காமல் அவர் இறுக்கிப் பிடித்திருந்தது என் கையை. அதையும் எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, உனக்கும் பிளேனிலை ஏறக் கிடைச்சுதோ?"

அம்மா முந்திக்கொண்டார். "எங்கை! தம்பியின்ரை மகனைப் பாக்க ஆசைப்பட்டு, அவள் பின்னாலை கோச்சியிலை தனிய வந்தவள்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை.

"ஓம்" என்றேன். "தனியத்தான் வந்தனான்."