கேமரா ஒரு பக்கம், ஃப்ளாஷ் ஒரு பக்கம், ரிமோட் என் கையில்

பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது என்பது இரண்டு கண், இரண்டு காது, ஒரு வெள்ளைப் பின்னணி ஆகியவற்றை ஒன்றும் குறையாமல் எண்ணி ஒப்படைக்கும் தொழில். சிரிக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. படம் எடுப்பவனுக்கும் அது பொருந்தும் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் என் ஸ்டுடியோ எட்டடிக்குப் பதினாறடி. யாரிடமும் போய்க் கற்கவில்லை. பிலிம் ரோல்களைப் பாழாக்கி நானே கற்றுக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் இரண்டு பேராக நடத்தினோம். தாடையைத் தூக்குவதும் காலரைச் சரிசெய்வதும் நான். கேமராவுக்குப் பின்னால் நின்று பட்டனை அழுத்துவது என் மனைவி வசந்தா. எந்த நொடியில் எந்த ஆள் கண் சிமிட்ட மாட்டான் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள்.

தாடைக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரே ஆள் ஓடினால், போய்ச் சேர்வதற்குள் தாடை இறங்கிவிடும். செல்ஃப் டைமர் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பத்து விநாடிக்குள் வாடிக்கையாளர் மூக்கைச் சொறிந்து, போனைப் பார்த்து, "ஆச்சா?" என்று கேட்டும் முடித்துவிடுவார்.

ஆனேக்கல்லில் இருக்கும் மகள் செல்வி சொன்னாள்: "ஒரே ஆளால முடியாதுப்பா. செல்போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் கடையை வாடகைக்குக் கேக்கிறார். விட்டுட்டு எங்ககூட வந்துடுங்க." உகாதி வரை அவகாசம் கேட்டேன். தனியாளாகக் கடையை நடத்திக் காட்ட வேண்டும். அதற்காக வாங்கியதுதான் வயர்லெஸ் ட்ரிகர். உள்ளங்கையில் ஒரு ரிமோட், கேமரா தலையில் ஒரு சின்னப் பெட்டி, தள்ளி நிற்கும் ஃப்ளாஷுக்கு இன்னொரு பெட்டி. ரிமோட்டை அழுத்தினால் கேமராவும் ஃப்ளாஷும் சேர்ந்து வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டையில் போட்டிருப்பதை நம்பும் சக தொழிலாளிகளுக்காக மிச்சத்தை எழுதுகிறேன்.

முந்திரிக்கொட்டை

மூன்றிலும் எண் வைக்கும் வசதி உண்டு. ஒரே எண்ணில் இருப்பவை ஒன்று சொன்னால் மற்றது கேட்கும். சேர்ந்துதானே வேலை செய்ய வேண்டும் என்று மூன்றிலும் ஒன்றாம் எண்ணை வைத்தேன். முதல் போணி ஒரு ஆட்டோ டிரைவர். ஒரு கையால் தாடையை நிமிர்த்தி, மறு கையால் அழுத்தினேன். அறை முழுக்கப் பளிச்சென்றது. திரையில் படம் கன்னங்கரேல். மறுபடி அழுத்தினேன், மறுபடியும் கரேல். இப்படி ஆறு முறை.

ஃப்ளாஷ், சொன்னவுடன் வெடிக்கிற ரகம். கேமரா ஃபோகஸ் பார்த்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறக்கிற ரகம். அது திறக்கும்போது வெளிச்சம் வந்து போய்விட்டிருக்கும். ரிமோட் கேமராவிடம் மட்டும்தான் பேச வேண்டும். கேமரா திறந்துகொண்டு, அதுவே ஃப்ளாஷைக் கூப்பிட வேண்டும். ஆகவே கேமராத் தலையில் இருக்கும் பெட்டி ஒன்றாம் எண்ணில் ரிமோட்டைக் கேட்டு, இரண்டாம் எண்ணில் ஃப்ளாஷைக் கூப்பிடும்படி வைக்க வேண்டும். இது எனக்கு விளங்க மூன்று நாள் ஆயிற்று. அன்றைக்கு ஆட்டோக்காரர் ஆறு கறுப்புப் படங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏண்ணா, கரண்ட் போற வரைக்கும் வெயிட் பண்ணி எடுக்கிறீங்களா?"

இரண்டாம் எண்

ஒரு வாரம் நிம்மதி. பிறகு பென்ஷன் பேப்பருக்குப் படம் வேண்டுமென்று ஒரு கன்னட அம்மாள் வந்தார். அவர் ஸ்டூலில் உட்காருவதற்குள் ஃப்ளாஷ் வெடித்தது. நான் ரிமோட்டைத் தொடக்கூட இல்லை. கொண்டையைச் சரிசெய்தார், பளிச். முந்தானையை இழுத்துவிட்டார், பளிச். "சார், நிமகிந்த நிம்ம லைட்டுகே அர்ஜெண்ட்டு" என்றார். என்னைவிட என் லைட்டுக்குத்தான் அவசரமாம். நியாயம்தான்.

எதிரே இருப்பது சலீம் பாயின் ஸ்டுடியோ. சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தால், அவரும் அதே பெட்டியை வாங்கி, அதே இரண்டாம் எண்ணில் வைத்திருக்கிறார். அவர் கேமரா கூப்பிட்டால் என் ஃப்ளாஷும் போய் ஆஜர். என் கேமரா கூப்பிட்டால் அவருடையது. வரனுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்த ஒரு பையன் காலையிலிருந்து அவர் கடையில் கண்ணை மூடியபடியே இருந்தான். அடுத்த வெளிச்சம் எப்போது வரும் என்று தெரியாவிட்டால் யார்தான் கண்ணைத் திறப்பார்கள்? விஷயத்தைச் சொன்னதும் பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நம்ம ரெண்டு லைட்டும் ரோட்டைத் தாண்டிக் கண்ணடிச்சுக்குதுண்ணா. தெருவுல பேச்சு வர்றதுக்குள்ள பிரிச்சு விட்டுடலாம்."

பாக்கெட்

எல்லாரும் கேமராவை விட்டுவிட்டு என் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்தார்கள். படத்தில் எல்லாருக்கும் ஓரக்கண். அதனால் ரிமோட்டைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டு, உள்ளேயே அழுத்தப் பழகினேன். தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் விசா படத்துக்கு வந்தார். வசந்தா இருந்தவரை, தனியாக வரும் பெண்கள் என்னை ஒரு ஸ்டாண்ட் அளவுக்குத்தான் கவனிப்பார்கள். இப்போது அறையில் நான் மட்டும். ஒரு கை பாக்கெட்டுக்குள். "அப்படியே இருங்க... அசையாதீங்க... இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காட்சி அவர் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்பது அவர் வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: "மிஸ்டர், முதல்ல பாக்கெட்லேருந்து கையை எடுங்க. என் கிளாஸ்ல இப்படி நின்னவனையெல்லாம் நான் வெளியில நிக்க வெச்சிருக்கேன்."

நான்கு மாதக் குழந்தை

உகாதிக்கு இரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் செல்வி போனில் "எப்படிப்பா போகுது?" என்று கேட்பாள். "போகுது" என்பேன். அந்த 'போகுது' அவளை ஏமாற்றவில்லை.

அன்று சேலத்துப் பெண் ஒருத்தி நான்கு மாதக் குழந்தையோடு வந்தாள். கணவன் வெளிநாட்டில், குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். தானாக உட்காரத் தெரியாத குழந்தை நேராக உட்கார்ந்து, கண் திறந்து, வாய் மூடி, கேமராவைப் பார்க்க வேண்டும். பிடித்திருக்கும் கை படத்தில் தெரியவே கூடாது. அம்மாவைப் பிடிக்கச் சொன்னால் குழந்தை அவளைத் தேடித் திரும்பிக்கொண்டே இருந்தது. அவளைக் கேமராவுக்குப் பின்னால் சாவிக்கொத்தோடு நிறுத்தினேன். வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்து, விரிப்போடு சேர்த்து அதன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தேன். வலது கட்டைவிரலுக்கடியில் ரிமோட்.

உள்ளே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாவிச் சத்தமும் அவள் குரலும்தான். "இப்ப சார்... ஐயோ இல்ல... இப்ப!" அழுத்தினேன். விரிப்புக்குள்ளேயே வெளிச்சம் வந்தது. மூன்றாம் முறை அவள் "சூப்பர் சார்!" என்று கத்தினாள். அதே நேரம் வாசலில் யாரோ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி ஓடும் சத்தம்.

விரிப்பை விலக்கினேன். செல்வி நின்றிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், கடையைக் காட்ட அந்தச் செல்போன் கவர்காரரைக் கூட்டி வந்திருக்கிறாள். ஓடியது அவர்தான். அவள் நேராகக் கேமராவிடம் போய்த் திரையைப் பார்த்தாள். இரண்டு கண், இரண்டு காது, வெள்ளைப் பின்னணி, ஒரு விரல்கூட இல்லை. அம்மா எடுத்த படங்களைப் பார்த்தே வளர்ந்தவள், நல்ல படம் எது என்று அவளுக்குத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சரி, கடை இருக்கட்டும்ப்பா. ஆனா இனிமே கதவைச் சாத்திட்டு எடுங்க. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகல, அவங்கதான் வெள்ளைத் துணியில வந்து வேலை பாக்கிறாங்கன்னு தெருவுல கிளப்பிடுவாங்க."

ஒயரே இல்லாமல் கேமராவும் ஃப்ளாஷும் சேர்ந்து இயங்கும் இந்தக் காலத்தில், ஒரு குழந்தை நேராக உட்கார அறுபது வயது ஆள் ஒருவன் விரிப்புக்குள் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் இத்தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.