நனைத்துப் பார்த்த கற்கள்

பணக்கார வீடுகளின் சுவருக்கும் மேசைக்கும் அரிய கல் தேடிக் கொடுக்கிற தொழிலில் முதலில் போவது இடுப்பு, அடுத்தது பொறுமை. பதினெட்டு வருஷமாக மலேசியாவில், ரவாங்கில் ஒரு கல் கிடங்கில் இருக்கிறேன். துணிக்கடையோ நகைக்கடையோ, அடுத்தவர் ஆசையைத் தேடி அலைகிற வேலையில் நீங்களும் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

கல் தேர்வு செய்ய எங்கள் கிடங்கில் இரண்டே பேர் இருந்தோம், நானும் வாசுவும். அவர் வீடு கலும்பாங்கில், என் வீடு கெர்லிங்கில். அவர் காரில்தான் சேர்ந்து போவோம், வருவோம். நாலு வருஷத்துக்கு முன் துருக்கிக் குவாரிக்காரர்கள் அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

சேற்று நிறம்

மேடம் லிம் சாப்பாட்டு மேசைக்குக் கல் கேட்டு வந்தார். நீலம், பச்சை, பொன் நரம்போடிய வெள்ளை என்று எதைக் காட்டினாலும் வேண்டாம் என்றார். கடைசியில் கொஞ்சம் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார். அவர் பிறந்தது சுங்கை செம்பிலாங்கில். அப்பா மீன் பிடித்தவர். கடல் வற்றிக் கிடக்கும்போது தெரியுமே, அந்தச் சேற்றின் நிறம்தான் வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மாதிரித் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வலை உதறிக்கொண்டிருந்தவர், நான் ஏதோ பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார். சாம்பலும் பழுப்புமாக ஒரு துண்டு, தண்ணீர் பட்டதும், சேற்றோடு சேர்ந்தேபோனது.

முழுப் பலகை வந்திறங்கிய அன்று மேடம் லிம் தன் பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். உள்ளங்கையால் ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மலாயில் ஒன்று சொன்னார். அதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"நிறம் சரியாத்தான் இருக்கு. நாத்தம் எங்கே?"

இல்லாத கல்

உள் அலங்காரம் செய்கிற பெண் ஒருத்தி, பெயர் தர்ஷினி, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஊதா நிறக் கல், உள்ளே மயிலிறகு விரித்ததுபோல் நரம்பு. பதினெட்டு வருஷத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. படத்தை வாசுவுக்கு அனுப்பினேன். அவர் ஈரானில் கேட்டார், இந்தியாவில் கேட்டார். இரண்டு வாரம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வாரமும் எனக்கு நன்றாகவே இருந்தது. தினமும் இரண்டு மூன்று முறை பேச ஒரு காரணம் இருந்தது.

கடைசியில் வாசுதான் கண்டுபிடித்தார். அது கணினி தானாக வரைந்த படம். பூமியில் எங்கேயும் அப்படிக் கல் இல்லை. தர்ஷினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அசரவே இல்லை.

"இல்லாத கல்லா இருந்தா என்னக்கா, கிளையண்டுக்கு அதுதான் வேணும்லா."

பாதிச் சுவர்

ஒரு பாறையை ரொட்டி சீவுவதுபோல் பலகை பலகையாகச் சீவுவார்கள். அடுத்தடுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரித்ததுபோல் ஒட்டினால் நரம்புகள் நடுவில் சேர்ந்து ஓர் உருவம் வரும். கோலசிலாங்கூரில் மருந்துக்கடை வைத்திருந்த மாணிக்கம் ஐயா வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு சுவர் இருந்தது. அவர் மனைவி எங்கள் கிடங்குக்கு நாலு தடவை வந்து தேர்ந்தெடுத்த கல். அந்த அம்மா தவறிப்போன மறு வருஷம் சுவருக்குள் குழாய் வெடித்தது. பழுது பார்க்க வந்தவர்கள் வலது பாதியை உடைத்துவிட்டார்கள்.

அதே பாறையின் இன்னொரு பலகை வேண்டும் என்று ஐயா வந்து நின்றார். எல்லாம் எப்போதோ விற்றுப்போயிருந்தன. ஒரு பலகை பினாங்கு ஹோட்டல் ஒன்றில் இருப்பது தெரிந்து, கேட்டும் பார்த்தேன். தொலைபேசியில் சிரித்தார்கள். வாசு குவாரியில் அலைந்து, அந்தப் பாறைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு பலகை அறுத்து அனுப்பினார். அதைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தோம். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"அவ பாத்த கல்லு இது இல்லம்மா. அந்தப் பாதி வெறுஞ்சுவராவே இருக்கட்டும்."

பகல் இரண்டு மணி

நமக்குப் பகல் இரண்டு மணி என்றால் துருக்கியில் காலை ஒன்பது. செவ்வாயும் வியாழனும் அந்த நேரத்தில் வாசு காணொளியில் வருவார். ஒரு நொடி முகத்தைக் காட்டிவிட்டு உடனே காமிராவைப் பாறைக்குத் திருப்பிவிடுவார். காய்ந்த கல் தன் நிறத்தைக் காட்டாது. அதனால் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். நனைந்த இடம் கண்ணாடிபோல் மினுங்கும்.

ஒரு வியாழக்கிழமை கறுப்புக் கல் ஒன்றை நனைத்தார். அதில் வானம் தெரிந்தது, குனிந்து நிற்கிற அவரும் தெரிந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. நரம்பு எப்படி ஓடுகிறது, எத்தனை பலகை வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

"சரசு, கல்லைப் பாரு. வேற எங்கேயோ பாக்கற."

நான் போன மலை

போன வருஷம் ஒரு பெரிய வேலைக்காக, பாறையை நேரில் பார்த்து எடுக்க என்னையே துருக்கிக்கு அனுப்புவதாக முதலாளி சொன்னார். கடப்பிதழ் எடுத்தேன், குளிர்ச்சட்டை வாங்கினேன். வாசுவிடம் நேரில் என்ன சொல்வது என்று கார் ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த மாதத்தில் குவாரிக்காரர்கள் வாசுவைப் பிரேசிலில் இருக்கும் தங்கள் இன்னொரு மலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மா தேறி வந்தாள். நான் போனேன். மலை வெள்ளையாக, கண் கூசும்படி இருந்தது. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற பெண்மணி தேநீர் கொடுத்தார். தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிப் பேசினார். உங்களோடுதான் செவ்வாயும் வியாழனும் வாசு பேசுவாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "அந்த இரண்டு நாள் மட்டும் அவர் சவரம் செய்துகொண்டு வருவார். நீங்கள் பெரிய முதலாளி என்று நினைத்திருந்தோம்" என்றார். தேநீரை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

பிரேசில் மலையில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஊருக்குள் இறங்கினால்தான் வாசுவுக்குச் செய்தி போகும். பாறையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டதும் அவருக்கு எழுதினேன்: "இங்கே எல்லாரும் என்னைப் பெரிய முதலாளின்னு நினைச்சிருந்தாங்களாம்." விமானம் ஏறும் நேரத்தில்தான் பதில் வந்தது.

"தெரியும் சரசு. நானும் திருத்தலை."

கல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பிடித்துவிடுகிற கண் என்று கிடங்கில் எனக்குப் பெயர், ஆனால் ஒரு மனிதர் வாரம் இரண்டு நாள் எனக்காகச் சவரம் செய்துகொண்டு வந்ததைத்தான் அந்தக் கண் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை.