நான் போட்ட ஆறு டிக்

என் பள்ளிக்கூட வாழ்க்கையில் எந்த நோட்டிலும் நான் பத்துக்குப் பத்து வாங்கியதில்லை. தினமும் பத்து வந்த ஒரே நோட்டு, சித்தியின் வயிற்றுப் பிள்ளைக்காகப் போட்ட நோட்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. மே மாத லீவு.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் இல்லாததால், தலைப்பிரசவத்துக்கு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவும் டீச்சர், சித்தியும் டீச்சர். அந்த வீட்டில் ஒரு பிரசவத்துக்கு எப்படித் தயாராவார்கள்? பப்ளிக் பரீட்சை தோற்றது போங்கள். ஆஸ்பத்திரிப் பை ஒரு மாதம் முன்பே கதவோரம் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காய வைத்து அம்மா மடித்து அடுக்கினாள். சித்தியின் ரத்த வகையே தனக்கும் இருந்த பாவத்துக்காக, சித்தப்பாவின் நண்பர் ஒருவர் அந்த மாதம் ஊர்ப்பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. தெருமுனை ஆட்டோக்காரரிடம் அப்பா சொல்லி வைத்தார். "எந்நேரம்னாலும் போன் போடு சார், வண்டி ரெடியா கீது" என்றார் அவர்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மதியம் சாப்பிட்டதும் இடது பக்கமாகப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று ஆழ்வார்பேட்டை டாக்டரம்மா சொல்லியிருந்தார். சித்தி கண்ணை மூடிப் படுத்திருப்பாள். குழந்தை உதைக்கும்போதெல்லாம் "ம்" என்பாள். தரையில் உட்கார்ந்து நான் ஒரு டிக் போடுவேன். பெரும்பாலும் அரை மணியிலேயே பத்து வந்துவிடும். பாஸ் என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளுவாள். அந்த ஒரு மாதம் என் அலட்டல் தாங்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததிலிருந்து வீடெல்லாம் எலுமிச்சை சாதமும் புளிசாதமுமாக மணத்தது. நாலரைக்கு எல்லோரும் வருவார்கள். எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை, அதற்கென்றே வாங்கிய கண்ணாடி வளையல் இரண்டு டஜன். இரண்டு மணிக்கு வழக்கம்போல சித்தி படுத்தாள். "ம்" என்றாள். வெகுநேரம் கழித்து இன்னொன்று. நாலாவது வந்தபோது, இன்றைக்கு இவன் ரொம்பச் சோம்பேறி என்று முணுமுணுத்தாள். காலையிலிருந்து நின்ற களைப்பு, அப்படியே தூங்கிப்போனாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால். நாலு டிக்தான் இருந்தது. பத்து இல்லையென்றால் ஆட்டோ வரும், எல்லோரும் ஆழ்வார்பேட்டைக்குப் போவார்கள். வளைகாப்பு நின்றுவிடும். வளையல் டப்பாவோடு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் கவலை, வேறொன்றும் இல்லை. மீதி ஆறு டிக்கையும் மளமளவென்று போட்டு நோட்டை மூடினேன்.

சாயங்காலம் நாற்காலியில் உட்கார வைத்து சித்தியின் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். ஆளாளுக்கு வளையல் போட்டார்கள். இந்தச் சத்தத்துக்கு உள்ளே இருப்பவன் குதிப்பான் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். சித்தி வயிற்றில் கை வைத்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் மாறியது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"பத்து ஆச்சு இல்லடி?"

நான் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். என் வளையல்களெல்லாம் முழங்கைக்குச் சரிந்தன. சித்தி மறுபடி சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்தேன். அசைவே இல்லை என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தே நிமிடத்தில் ஆட்டோ வந்தது. பை போனது, ஸ்கேன் ஃபைல் போனது, ரத்தம் கொடுக்கிறவர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினார். ஏற்பாட்டில் ஒரு குறை கிடையாது. மதியம் அப்பா மட்டும் திரும்பி வந்து, ஒரு செம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார். பாப்பா சாமியிடம் போய்விட்டது என்றார். மடித்து வைத்த வேட்டித் துணியில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் சித்தி வந்தாள். கையில் ஒரு வளையல்கூட இல்லை. சித்தப்பாவின் அம்மாவும் உடன் வந்திருந்தார். எண்ணச் சொல்லியிருந்தார்களே, எண்ணினாயா இல்லையா என்று கேட்டார். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்திய பேச்சு அவர் மனதிலேயே நின்றிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எண்ணல. நான்தான் தூங்கிட்டேன்" என்றாள் சித்தி.

தூங்குகிற நேரமா அது என்று அந்தம்மா அழுதார். அதற்குப் பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு, கேக் தட்டுக்கு முன்னால்கூட, அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். சித்தி அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைப்பாள்.

அன்று சாயங்காலம் சித்தி என்னைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் கொடுத்தாள். நிறையப் பக்கம் பாக்கி இருக்கிறது, கணக்குப் போட வைத்துக்கொள் என்றாள். பயந்து பயந்து புரட்டினேன். சனிக்கிழமைப் பக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் காணோம். பின் அடித்த இடத்தை ஒட்டிப் பிசிறில்லாமல் யாரோ கிழித்திருந்தார்கள்.

நாற்பது பிள்ளைகளின் நோட்டில் காப்பியடித்தது யார் என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவள் என் சித்தி. எனக்கோ அன்றைக்குப் புரிந்ததெல்லாம், நான் மாட்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான். படுக்கப் போகுமுன் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, யாருக்கும் தெரியாமல் போனதற்காக நன்றி சொன்னேன். பக்கத்தில் சித்தியும் முழங்காலில் இருந்தாள்.