பதினொரு சொல்லும் ஒரு நாற்காலியும்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: நாம் செய்த தப்பு நமக்குத் தெரியவருவதற்குள், வேறு யாரோ அதற்கான தண்டனையை அனுபவித்து முடித்திருப்பார்கள். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு தலைகுனிந்தவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

மராட்டிய நகரம் ஒன்றில், கோந்த்வா என்ற பகுதியில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. கணவர் போனபிறகு, மாலை வேளைகளில் அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் ஏழு பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன். நான் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள். பாதிக் குற்றம் அந்தப் பட்டத்தைச் சேரும்.

எருமைக்குச் சொல்வது

முதல் வாரம், தன் ஒரு நாளைத் தானே சொல்லும் பாடம். ஏழு பேரும் 'ஐ கெட் அப் அட் ஃபைவ்' என்றுதான் தொடங்கினார்கள். ஏழு பேரும் விடிகாலை ஐந்துக்கு எழுகிறவர்கள் என்பது என் காதில் விழவில்லை. 'கெட் அப்' மட்டும் விழுந்தது. இரண்டு கட்டைகள் மோதிக்கொள்வதுபோல் இருந்தது அந்த ஓசை. "எருமையைக் கிளப்பும்போது சொல்லுங்கள். மனிதர்களுக்கு வேண்டாம்" என்றேன்.

வெள்ளைப் பலகையில் அதை எழுதிக் குறுக்கே கோடு கிழித்தேன். கீழே ரைஸ், அரைஸ், அவேக்கன், அசெண்ட் என்று பதினொரு சொற்களை எழுதினேன். படித்துக்காட்டும்போது என் குரல் எனக்கே இனித்தது. இனி என் வகுப்பில் யாரும் 'கெட் அப்' என்று சொல்லக் கூடாது என்று சட்டமும் போட்டேன். பள்ளி வேன் ஓட்டும் மராட்டிப் பெண் சங்கீதா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி முடித்துவிட்டு இந்தியில் கேட்டாள்: "மேடம், வார்த்தை பதினொண்ணு. எழுந்திருக்கப்போறது நான் ஒருத்திதானே?"

பசை

எனக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. நான் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். எங்கள் கல்லூரியில் அப்படித்தான். விஜயா மட்டும் நிற்கமாட்டாள். முப்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண். அவள் அப்பா ஆர்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே கட்கியில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் நுழைந்தால் மேசையில் கையூன்றிப் பாதி எழுவாள். அதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்துவிட, அவளும் அமர்ந்துவிடுவாள்.

ஒரு நாள், "விஜயா, உன் நாற்காலியில் மட்டும் பசை தடவியிருக்கிறதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவள் எழுந்தாள். வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள். நானும் உட்காரச் சொல்லவில்லை.

எல்லோரும் போனபின் அவளே சொன்னாள். விமான் நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். பத்து மணி நேர வேலை. அங்கே பெண்கள் உட்காரக் கூடாது, ஸ்டூல்கூடக் கிடையாது. கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டிருந்தன. அந்தக் கடையின் கம்பெனிக்கு மகர்பட்டாவில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து போனில் பேசும் வேலை காலியாகப்போகிறது. ஆங்கிலம் வந்தால் அவளுக்குக் கொடுப்பார்கள். "காலைலேந்து நின்னுகினே இருக்கேன் டீச்சர்," என்றாள். "ஒக்கார்றதுக்குத்தான் இங்க வர்றேன்."

மறுநாள் எழுந்து நிற்கும் சட்டத்தை நீக்கினேன். ஏதோ பெருந்தன்மையால் நீக்குவதுபோல் நீக்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

தொண்டை

நேர்முகத் தேர்வுக்கு முன் நான்கு நாட்கள் அவளுக்குத் தனியாக ஒத்திகை வைத்தேன். அவள் 'கெட் அப்' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் பென்சிலால் மேசையைத் தட்டினேன். "அரைஸ்னு சொன்னா அவங்களுக்குப் புரியுமா டீச்சர்?" என்று ஒரு தடவை கேட்டாள். "புரியாதவர்களுக்குக் கேள்வி கேட்கும் தகுதி கிடையாது" என்றேன்.

மகர்பட்டாவில், தேர்வு நடத்திய பெண் சிரித்த முகமாக முதலில் கேட்டதே, உங்கள் ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான். விஜயா 'ஐ' என்றாள். அதோடு நின்றுபோனாள். பதினொரு சொல்லில் எது என்று தேடியிருக்கிறாள். ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள், வேறு கேள்வி கேட்டாள். ஆனால் அதற்குள் பயம் பிடித்துக்கொண்டது; தெரிந்த பதிலும் வரவில்லை. ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள் என்று மறுநாள் வந்து சொன்னாள்.

"கெட் அப்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று கத்திவிட்டேன், ஏதோ சட்டம் போட்டது வேறு யாரோ என்பதுபோல. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "தொண்ட வரைக்கும் வந்துச்சு டீச்சர். நீங்க திட்டுவீங்களேன்னு முழுங்கிட்டேன்."

என் மகனின் அலுவலகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை, மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகனுக்குப் போன் செய்து, உங்கள் அலுவலகத்தில் எழுந்திருப்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஏதாவது ஒரு மூலையில் யாராவது ஒருவர் 'அரைஸ்' என்று சொல்லிவிடமாட்டார்களா என்ற நப்பாசை. "கெட் அப்தான். ஏம்மா, சின்ன வயசுல என்னை ஸ்கூலுக்கு எழுப்பும்போது நீ மட்டும் என்ன சொன்னே?"

அழித்தது

மன்னிப்புக் கேட்க நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடினேன். பத்து நாட்கள் தேடினேன். விஜயா அந்த அறையில் சொல் தேடி நின்றது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசியில், கிடைத்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "தப்பு என்னுடையது. விஜயாவின் வாயை நான்தான் அடைத்தேன்." பலகையின் ஓரத்தில் இரண்டு மாதமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த அந்தப் பட்டியலை அழித்தேன். மை காய்ந்துபோயிருந்தது; ஈரத்துணியால் தேய்க்கவேண்டி வந்தது.

விஜயா தலை நிமிரவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. சங்கீதாதான் காப்பாற்றினாள். "அரே மேடம், நான் பேனாவால எழுதிட்டேனே, அதை எப்படி அழிக்கிறது?"

ஒரு சாயங்காலம்

ஒரு மாதம் கழித்து விஜயா தானாகவே மகர்பட்டா அலுவலகத்துக்குப் போன் செய்து, இன்னொரு முறை பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை; பின்னால்தான் தெரிந்தது. ஒத்திகைக்கும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு ஏது?

பிறகு இரண்டு வாரம் வகுப்புக்கே வரவில்லை. விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். ஒரு சாயங்காலம் சாவிக்கொத்தோடு உள்ளே நுழைந்தேன். ஆறு பேர் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார்கள். ஏழாவது நாற்காலியிலிருந்து விஜயா எழுந்தாள். கையை ஊன்றாமல், முழுதாக, நிமிர்ந்து நின்றாள். கழுத்தில் மகர்பட்டா அலுவலகத்தின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"உட்காரம்மா, அந்தச் சட்டம்தான் இப்போது இல்லையே" என்றேன். அவள் சிரித்தாள். "பரவால்ல டீச்சர். காலைலேந்து ஒக்காந்துகினேதான் இருக்கேன்."

எழுந்திருப்பதற்குப் பதினொரு சொல் தெரிந்து வைத்திருந்த எனக்கு, 'உட்காரம்மா' என்ற ஒரு சொல்லைச் சொல்லக் கற்றுக்கொள்ள எழுபத்திரண்டு வயதாயிற்று.